கோணல் காடி

மார்ச் 5

அன்பு மருமகள் சிட்டுவுக்கு,

டைல்ஸ் வேலையில் தனக்கு இணை தானே என்று பெயர் வாங்கிய உன் தாய்மாமன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கடலும் சுகம். அங்கே நீயும் உன் மாவுக்கட்டும் எப்படி இருக்கிறீர்கள்? கால் அரிக்கிறது என்று ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறியாதே. என் கூட்டாளி ஒருவன் அப்படிச் செய்து, ஸ்கேல் உள்ளேயே ஒட்டிக்கொண்டு, இன்றுவரை அவன் கணுக்கால் முப்பது சென்டிமீட்டர் காட்டுகிறது.

தீவுக்கு வந்த கதையைக் கேள். படகு கிளம்பியதும் மூன்று மாடி உயரத்துக்கு அலை. படகோட்டியே கண்ணை மூடிக்கொண்டான். நான்தான் எழுந்து நின்று தைரியம் சொல்லிக் கரை சேர்த்தேன். படகுத்துறைப் பாலத்தில் உங்கள் கடல் ஆராய்ச்சி நிலையத்து முக்குளிப்பவர் நின்றிருந்தார், நரைத்த தாடியும் ஈரக் கால்சட்டையுமாக. எல்லாரும் அவரைத் தவளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். "என்ன மாமா, வழி முழுக்க வாந்தின்னு படகுக்காரன் சொல்றானே" என்றார். வேறு யாரையோ சொல்லியிருப்பான். படகில் என்னைத் தவிர இரண்டு தண்ணீர்ப் பீப்பாயும் ஒரு மூட்டை வெங்காயமும்தான் இருந்தன என்பது உண்மை. இருந்தாலும்.

நிலையம் நிலையம் என்று நீ சொன்னதில் நான் ஏதோ மாளிகை என்று நினைத்துவிட்டேன். தகரக் கொட்டகை ஒன்று, அதற்குள் ஆறு தொட்டி, பின்னால் கடல் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் அறை, மாடியில் உங்கள் தலைமை விஞ்ஞானி மேடத்தின் அறை. அவ்வளவுதான். என் கட்டில் மோட்டாருக்குப் பக்கத்தில். மோட்டார் குறட்டை விடுகிறது என்று தவளையிடம் புகார் சொன்னேன். "மோட்டாரும் உங்களப் பத்தி அதேதான் சொல்லுச்சு" என்கிறார். வாய்த் துடுக்கு அதிகம், ஆனால் நல்ல மனிதர்.

குடிதண்ணீர் படகில் வருவதால் அதில் ஒரு விரலைக் கழுவினால்கூட மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். குளியல், கழுவல் எல்லாம் கடல் தண்ணீரில்தான். போன் சிக்னல் கிடையாது. வயர்லெஸ்ஸில் உயிர் போகிற சங்கதி மட்டும்தான் பேசலாமாம். ஆகவே நமக்கு வெள்ளிக்கிழமைப் படகுதான் தபால்காரன்.

பாலத்துக்கு அடியில் இரும்புச் சட்டத்தில் என் டைல்ஸ் தொங்குவதைத் தவளை காட்டினார். டிசம்பரில் உனக்காக வெட்டிக் கொடுத்தேனே, அவைதான். மேல்வரிசை வழவழப்பு. நடுவரிசையில் நகம் நுழைகிற அகலத்துக்கு நேராகக் கீறிய பள்ளம், எங்கள் தொழில் பாஷையில் நேர்க் காடி. கீழ்வரிசையில் நான் விசேஷமாகப் போட்ட அலை டிசைன். இதுவரை லட்சம் குளியலறைக்கு டைல்ஸ் பதித்திருப்பேன். மீன் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிற வேலை இது ஒன்றுதான்.

நீ பாலத்துப் பாசியில் வழுக்கி விழுந்தபோது, உன் இடத்துக்கு மாமாவை அனுப்பச் சொன்னாய் பார், அந்த முடிவை நினைத்து நீயே உன்னைப் பாராட்டிக்கொள்ளும் நாள் வரும்.

என்றும் உன்
மாமா


மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் வந்தது. அம்மா வாங்கி வாசித்துவிட்டு, "என் தம்பி சொல்ற கணக்கப் பத்தால வகுத்துக்கோடி. அலை மூணு மாடின்னா இடுப்பு உசரம் இருந்திருக்கும்" என்றாள். உங்களைப் பற்றி அம்மா இவ்வளவு பாசமாகப் பேசி நாளாயிற்று.

அலை டிசைன் விஷயம். கட்டிங் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏதோ கதை சொல்லி, உங்கள் ஜோக்குக்கு நீங்களே சிரித்ததில் கை வழுக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். வேறு டைல் மிச்சமில்லாததால்தான் அந்தக் கோணல் காடிகளையும் சட்டத்தில் மாட்டினேன். பெயர் மட்டும் அருமையாக வைத்துவிட்டீர்கள்.

எதற்காக இந்தப் பாடு என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நானாகச் சொல்கிறேன். பவளம் கல் மாதிரி தெரிந்தாலும் உயிர். வருஷத்தில் ஒரு முறை, பௌர்ணமியை ஒட்டி, முட்டையும் விந்துமாகக் கடலில் விடும். அதிலிருந்து வருகிற குஞ்சு கடுகைவிடச் சின்னது. அதற்குக் கண் இல்லை, காது இல்லை. சில நாள் நீந்திவிட்டு ஓர் இடத்தைத் தேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் ஆயுசுக்கும் நகர முடியாது. மேலே சேறு படிந்தாலும், பாசி மூடினாலும், நத்தை சுரண்டினாலும் அங்கேதான். தளதளவென்று வளர்ந்த ஒரு பவளத்துக்குப் பின்னால் எத்தனை லட்சம் செத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. திறந்த இடத்தில் ஒட்டினால் பிழைக்கிறதா, காடிக்குள் ஒதுங்கினால் பிழைக்கிறதா, இதுதான் என் கேள்வி.

போன இரண்டு வருஷமும் என் தொட்டியில் ஒன்றும் நிற்கவில்லை. முதல் வருஷம் மழைச் சேறு. இரண்டாவது வருஷம் ஒட்டின, அடுத்த பௌர்ணமிக்குள் எல்லாம் போயின. அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், மாமா. இந்த முறை ஜூன் முடியும்வரை ஒரு குஞ்சாவது உயிரோடு நின்றால் திரும்பிப் போவேன். இல்லையென்றால் பெரியப்பா பார்த்து வைத்திருக்கும் நூலக வேலையில் ஜூலையில் சேருவேன். அம்மா அதற்கு இப்போதே ஒரு குடை வாங்கி வைத்துவிட்டாள்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மோட்டாரை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சரி, இரண்டாவது உங்களால் முடியாது. முதலாவதையாவது.

அன்புடன்
சிட்டு


மார்ச் 31

அன்பு மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் நீ மாவுக்கட்டோடு எழுந்து ஆடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பௌர்ணமி நெருங்குகிறது அல்லவா. நேற்று தவளை கடலில் இறங்கி என் டைல்ஸ் அத்தனையையும் மேலே கொண்டுவந்து கொட்டகைத் தொட்டியில் போட்டார். காற்று வலுத்துக்கொண்டிருந்தது, கடைசி முறை ஏறும்போது அவர் உதடு நீலமாகிவிட்டது. சாப்பிடாமல்கூடப் போய்ப் படுத்துவிட்டார். மேடமும் மாடிக்குப் போய்விட்டார்.

நான் போய் டைல்ஸைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது சிட்டு. முகம் பார்க்கிற மாதிரி நான் கொடுத்த பொருள், என்ன கோலத்தில் இருந்தது தெரியுமா? வழவழப்பெல்லாம் போய், ரோஜா நிறத்தில் சுண்ணாம்பு அப்பினது போலக் கெட்டியாக ஒரு கறை. இந்த அழுக்கிலா என் மருமகளின் பவளக் குழந்தைகள் வந்து குடியேற வேண்டும்? எந்த வீட்டுக்காரனாவது வேலை முடிந்ததும் டைல்ஸைக் கழுவாமல் சாவியைக் கொடுப்பானா?

விடிவதற்குள் எழுந்தேன். கம்பி பிரஷ்ஷை எடுத்தேன். ஆசிட் இருந்தால் பத்து நிமிஷத்து வேலை, ஆனால் அதை மேடம் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். பரவாயில்லை என்று கடல் தண்ணீரை ஊற்றி ஊற்றி, கையால் தேய்த்தேன். ஆயிரம் டைல் இருக்கும். நேர்க் காடிகளுக்குள் பிரஷ்ஷை நிறுத்தி வைத்து ரயில் போல ஒரே ஓட்டம். கீழ்வரிசை அலை டிசைனில் பிரஷ் வளையவில்லை, மேலே மட்டும் தேய்த்துவிட்டு விட்டேன். இருந்தாலும் யாராவது குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இப்போது பார்க்க வேண்டுமே. ஒவ்வொன்றிலும் என் முகம் தெரிகிறது. தவளை இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று தொட்டி ஓரமாகவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என்றும் உன்
மாமா


ஏப்ரல் 1

அன்புள்ள மாமாவுக்கு,

இது வெள்ளிப் படகில் வரும்போது டைல்ஸ் மேலே வந்திருக்கும். தவளைக்கும் மேடத்துக்கும் தெரிந்த விஷயம்தான், உங்களுக்கும் சொல்லி வைக்கலாம் என்று எழுதுகிறேன்.

டைல்ஸ் கடலிலிருந்து வரும்போது ரோஜா நிறத்தில் கெட்டியாக ஒன்று படிந்திருக்கும். அழுக்கு மாதிரி இருக்கும். அது பாசி, மாமா. சாதாரணப் பாசி பச்சையாக, முடி முடியாக இருக்கும். இது சுண்ணாம்பு போலப் பாறையைப் பூசிக்கொண்டு வளரும். குஞ்சுகள் அதைத் தேடித்தான் வருகின்றன. அது இருக்கிற இடத்தில்தான் ஒட்டும். அது இல்லாத இடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த ரோஜாப் பூச்சு படிவதற்காகத்தான் டைல்ஸை மூன்று மாதம் கடலில் தொங்கவிட்டிருந்தேன். டைல்ஸை யார் வேண்டுமானாலும் வெட்டித் தரலாம் (கோபப்படாதீர்கள்), அந்தப் பூச்சைக் கடல் மட்டும்தான் தர முடியும்.

படுத்துக்கொண்டே தினமும் அதை நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் ஒருமுறை நன்றாகப் பார்த்து, எப்படிப் படிந்திருக்கிறது என்று எழுதுங்கள். இதில் மட்டும் எவ்வளவு மிகைப்படுத்தினாலும் சரி.

அன்புடன்
சிட்டு


ஏப்ரல் 6

மாமாவுக்கு,

மார்ச் 31 கடிதம் வந்தது.

அம்மாவும் வாசித்தாள். குடையைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மாட்டினாள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சிட்டு


ஏப்ரல் 16

சிட்டுவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான், சொன்னதைக் கேட்கிற பழக்கம் அப்போதே இல்லை.

உன் ஏப்ரல் ஒன்றாம் தேதிக் கடிதத்தைப் பாலத்தில் நின்றபடியே வாசித்தேன். ஆனால் விஷயம் அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தேய்த்த அன்று காலையே தவளை கொட்டகைக்கு வந்தார். ஒரு டைலை எடுத்தார், திருப்பினார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "மாமா, வெள்ளையடிக்கிறேன்னு வீட்டையே சுரண்டி எடுத்துட்டீங்களே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேடம் வந்து பார்த்தார். "காய விடாதீங்க. அப்படியே தொட்டியில போடுங்க" என்று தானே முதல் டைலைத் தூக்கினார். வேறு ரோஜாக் கல்லாவது எடுத்துவரலாம் என்று தவளை இரண்டு முறை முயன்றார். கடல் அவரை இறங்கவிடவில்லை. உனக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன்; உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாயே என்று படகில் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தவளைக்கே பயம் வந்து, "உடம்பு சரியில்லயா மாமா" என்று கேட்டார்.

இனி எழுதப்போவது பௌர்ணமி கழிந்த நான்காம் நாள் நடந்தது. இதை உனக்குச் சொல்லாமல் இருக்க என்னால் ஆகாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பொழுது சாய்ந்ததும் மேடம் விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னார். சிவப்புத் தாள் சுற்றிய கைவிளக்கு ஒன்று மட்டும். மோட்டாரையும் நிறுத்திவிட்டோம். தாய்ப் பவளங்கள் வைத்திருக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் மூவரும் நின்றோம். எனக்கு அது கல்லாகத்தான் தெரிந்தது. கல்லைத் தெரியாதவனா நான்? இது கல்தான் என்று மனசுக்குள் பந்தயம்கூடக் கட்டினேன்.

அந்தக் கல்லின் மேல் வாய்கள் இருந்தன, சிட்டு. உடம்பு முழுக்க வாய். ஒவ்வொரு வாயிலும் இளஞ்சிவப்பாக ஒரு மணி வந்து உட்கார்ந்தது, குழந்தை ஈறில் பல் எட்டிப் பார்ப்பது போல. அப்படியே நின்றது. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மேடம் மூச்சுவிடுவது கேட்டது. பிறகு ஒரு மணி கழன்றது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. பிறகு எல்லாம். கடுகுப் பொட்டலத்தை அவிழ்த்துக் கொட்டினால் எப்படிக் கொட்டும், அப்படி; ஆனால் கீழே விழவில்லை, மேலே விழுந்தது. தொட்டியின் மேற்பரப்பு முழுக்க ரோஜா நிறம்.

அடுத்த தொட்டியைப் பார்த்தேன், அங்கேயும் அதே நேரம். அதற்கடுத்ததிலும். இடையில் சிமெண்டுச் சுவர். ஒன்று செய்வது இன்னொன்றுக்குத் தெரிய வழியே இல்லை. யார் அழைத்தது, யார் தலையாட்டியது? நான் மேடத்தைக் கேட்டேன். "நிலா, தண்ணி சூடு, சூரியன் மறையுற நேரம். இவ்வளவுதான் தெரியும். மிச்சம் தெரியாது" என்றார். அவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொன்னபோது அவர் முகத்தில் வெட்கமே இல்லை, சந்தோஷம்தான் இருந்தது.

பழக்கதோஷத்தில் நான், "ஒரு கோடி இருக்கும்" என்றேன். தவளை சிரிப்பார் என்று திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை. கடல் பக்கம் கையைக் காட்டினார்.

"இதே நேரம் அங்கயும் நடக்குது மாமா. கண்ணுக்கு எட்டுற வரைக்கும். நீங்க கம்மியாச் சொல்லிட்டீங்க" என்றார்.

என் ஆயுசில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்திருக்க வேண்டியது. உன் இடத்தில் நின்று நான் பார்த்தேன்.

மாமா


ஏப்ரல் 30

சிட்டுவுக்கு,

பதில் வரவில்லை. படகுக்காரனிடம் பையைத் திரும்பத் திரும்பத் தேடச் சொன்னதில் அவனுக்கு என்மேல் கோபம்.

குஞ்சுகளை என் டைல்ஸ் இருக்கும் தொட்டியில் விட்டார்கள். தவளை உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தண்டனைக்காகக் கொடுத்தாரா, இரக்கப்பட்டுக் கொடுத்தாரா தெரியவில்லை.

ஒரு குஞ்சு இறங்கி வந்தது. நான் தேய்த்துப் பளபளப்பாக்கிய டைலின் மேல் தலையை வைத்துத் தேய்த்தது. கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி தேய்த்தது. சுற்றியது. பிறகு மேலே போய்விட்டது. அடுத்தது வந்தது, அதுவும் போயிற்று. வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சொல்லியனுப்புறோம்" என்று செருப்பை மாட்டுவார்கள் அல்லவா, அதேதான். மூக்கு கிடையாது, நாக்கு கிடையாது; உடம்பு முழுக்கவே ருசி பார்க்குமாம். கடுகில் பாதி இருக்கிற உயிருக்கு இன்ன இடத்தில்தான் வாழ்வேன் என்ற பிடிவாதம். நான் வாடகைக்கு வீடு எடுத்தபோதெல்லாம் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதற்கு மேல் எதையும் பார்த்ததில்லை.

வழவழப்பு டைலில் ஒன்றும் ஒட்டவில்லை. என் முகம்தான் தெரிந்தது. நேர்க் காடிகளிலும் ஒன்றுமில்லை, அங்கே என் பிரஷ் ரயில் போய் வந்துவிட்டதே.

கீழ்வரிசைக்கு வந்தேன். அலை டிசைன் என்று இனி எழுத மாட்டேன். என் கை வழுக்கிய காடி அது. அந்த வளைவுக்குள் பிரஷ் இறங்கவில்லை. உள்ளே ரோஜா நிறம் நூல் போல அப்படியே ஓடியது. அந்த நூலின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குஞ்சு வந்து தலையை வைத்தது. தேய்த்தது. போகும் என்று நினைத்தேன். அது போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பையாகி, பூவாக விரிந்து உட்கார்ந்துவிட்டது. இனி அது ஆயுசுக்கும் எழுந்திருக்காது.

எத்தனை என்று நான் எழுதவில்லை. எழுதினாலும் நீ நம்பப்போவதில்லை.

மாமா


மே 28

சிட்டுவுக்கு,

மாவுக்கட்டைப் பிரித்திருப்பார்கள். மெதுவாக நட.

இங்கே இரண்டு பெரிய மழை. தீவின் மண் கரைந்து தண்ணீர் கலங்கலாக வந்தது. மோட்டாரை நிறுத்தவும் முடியாது, ஓட்டவும் முடியாது. துணியை நாலாக மடித்துக் குழாய் வாயில் கட்டி, அதை மாற்றி மாற்றிப் பிழிந்துகொண்டிருந்தோம். அப்படியும் சேறு படிந்தது. மேடம் ஊசி போட்ட மெல்லிய குழாயை வைத்து ஒவ்வொரு காடியிலும் சேற்றை உறிஞ்சி எடுத்தார். அவர் கை அலுத்தபோது தவளை, தவளை அலுத்தபோது நான். என்னைத் தொடவிட்டார்களே என்று முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டே சேற்றை எடுத்தேன். "மூச்ச விட்டுக்கிட்டே செய்யுங்க மாமா, செத்துடப்போறீங்க" என்றார் தவளை. மறுபடி என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

மழை விட்டதும் வெயில். வெயிலுக்குப் பச்சை முடிப்பாசி தழைத்துக்கொண்டு வந்தது. அதை மேய மேடம் பொடி நத்தைகளைப் போட்டார். நத்தை நல்ல நத்தைதான், ஆனால் பாசியை மேய்கிறபோது குஞ்சையும் சேர்த்துச் சுரண்டிவிடும். பாசி மூடினாலும் சாவு, நத்தை மேய்ந்தாலும் சாவு. காடியின் விளிம்பில் உட்கார்ந்தவை எல்லாம் போயின. அடியில் ஒதுங்கினவற்றை நத்தையின் வாய் எட்டவில்லை.

தப்பியவை முதலில் வெள்ளையாக இருந்தன, இப்போது பழுப்பாகின்றன. கெட்டுவிட்டது என்று நான் அலறிக்கொண்டு ஓடினேன். நல்ல செய்தி என்றார் மேடம். தண்ணீரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பாசி வந்து குஞ்சின் உடம்புக்குள்ளேயே குடியேறி, வெயிலை வைத்துச் சமைத்து அதற்கு ஊட்டுமாம். தனக்கே போக இடம் இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற ஜீவன், அதற்குள் ஒரு குடித்தனக்காரன், அவன் வாடகைக்குப் பதில் சோறு போடுகிறான். நான் எத்தனையோ கதை கட்டியிருக்கிறேன் சிட்டு. இப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆரம்பத்தில் என்னால் எண்ண முடியவில்லை. இப்போது எண்ண முடிகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமா


ஜூன் 18

சிட்டுவுக்கு,

நீ ஜூன் முடியும்வரை என்றாய். நாளைப் படகை விட்டால் என் கடிதம் உனக்கு ஜூனில் கிடைப்பது சந்தேகம். அதனால் மேடம் இன்று எண்ணச் சொன்னார். அவர் தனியாக எண்ணினார், தவளை தனியாக எண்ணினார், என்னையும் எண்ணச் சொன்னார்.

பதினொன்று.

பேனாவுக்குப் பெரிய எண் எழுதியே பழக்கம். இரண்டு தாளைக் கிழித்தேன். இது மூன்றாவது தாள்.

பதினொன்றும் என் கை வழுக்கிய காடிகளில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இப்போது தனி இல்லை. பக்கத்தில் இன்னொரு வாய், அதன் பக்கத்தில் இன்னொன்று என்று தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு வருகிறது. பெரியதில் ஏழு வாய். அது குண்டூசித் தலை அளவு. தவளையிடம் கேட்டேன், இது நாம் முட்டிக்கொள்கிற அளவுக்குப் பெரிய பாறையாக எத்தனை நாளாகும் என்று. "நாம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம் மாமா" என்றார்.

அந்த நாளில் கொட்டகை முழுக்க ரோஜா நிறமாகப் பார்த்ததை நினைத்துக்கொள்கிறேன். அதிலிருந்து பதினொன்று. கொஞ்சம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கண்ணாடியை வைத்துப் பார்க்கும்போது அது கொஞ்சமாகத் தெரியவில்லை.

நீ வேலையில் சேர்ந்தாலும் சரி. குடை நல்லதாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். இவற்றைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

மாமா


ஜூன் 23

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. பௌர்ணமிக் கடிதத்தைக் கோபத்தில் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன். பிரித்தபின் நம்பக்கூடாது என்று வைத்திருந்தேன். காடியில் குஞ்சு ஒட்டியது என்று எழுதியபோதும், மாமா என்னைத் தேற்றப் பார்க்கிறார், இதில் எதைப் பத்தால் வகுப்பது என்றே தெரியவில்லையே என்று அழுதேன். நீங்கள் இருநூறு என்று எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தையும் மடித்து வைத்துவிட்டு ஜூலையில் நூலகத்துக்குப் போயிருப்பேன்.

பதினொன்று என்று எழுதினீர்கள்.

அதை வாசித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை வாசித்தாள்.

"பதினொண்ணா? இவனா எழுதினான்?"

"இவர்தான்."

"பத்தால வகுத்தா ஒண்ணுதானேடி வருது."

"ஒண்ணு நின்னாப் போதும்னுதானே உனக்கு வாக்குக் கொடுத்தேன்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். பிறகு குடையை எடுத்து என் பெட்டிக்கு மேலே வைத்தாள். "அங்க மழை பெய்யுதாமே" என்றாள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். வழவழப்பு, காடி என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை. எல்லாவற்றையும்தான் தேய்த்துவிட்டீர்களே. இந்த வருஷத்தை வைத்து எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் நேற்று முழுக்க ஒரே யோசனை. நேர்க் காடியில் பிரஷ் ஓடுகிறது என்றால் நத்தையும் ஓடும். வளைந்த காடியில் பிரஷ் நின்றது போல நத்தையும் நின்றிருக்குமோ? நான் அடுத்த வருஷத்துக்கு வளைந்த காடி மட்டுமே போட்ட டைல்ஸ் செய்யப்போகிறேன். ஒவ்வொரு காடியும் வெவ்வேறு விதமாக வளைய வேண்டும். அதற்கு மிஷினைப் பிடித்துக்கொண்டே ஜோக்கடிக்கிற ஆள் வேண்டும். கம்பி பிரஷ்ஷை மட்டும் இப்போதே மேடத்தின் ஆசிட் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் வந்த அடுத்த வெள்ளிப் படகில் வருகிறேன். கையில் ஊன்றுகோல் இருக்கும். தவளையிடம் பாலத்துப் பாசியைச் சுரண்டி வைக்கச் சொல்லுங்கள், அங்கே சுரண்டலாம்.

வந்ததும் பெட்டியைக்கூட இறக்க மாட்டேன். முதலில் தொட்டிக்குப் போய்ப் பதினொன்றையும் பார்ப்பேன். பிறகு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பொழுதைச் சொல்ல வேண்டும், விளக்கை அணைத்ததிலிருந்து. வருஷம் முழுக்கக் காத்திருந்தும் இந்த முறை நான் பார்க்காமல் போனதை உங்கள் வாயால் கேட்க வேண்டும். எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாகச் சொல்லுங்கள். கோடி என்றால் கோடி. கம்மியாகச் சொன்னால்தான் சண்டைக்கு வருவேன்.

உங்கள்
சிட்டு